வியாழக்கிழமை வீடு

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சின்ன வயதில் உங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தாளை யார் கிழித்தார்கள்? பெரும்பாலான வீடுகளில் அதற்கே காலையில் ஒரு சண்டை நடந்திருக்கும். கிழித்த தாளில் ராசிபலனைப் பார்த்து, ‘தடை’ என்று போட்டிருந்தால் கணக்குப் பரீட்சைக்கு முன்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். எங்கள் வீட்டில் சண்டைக்கே வழியில்லை. ஒரு பருவம் முழுக்க, எங்கள் சுவரில் தொங்கிய காலண்டரில் எந்தத் தாளைக் கிழித்தாலும் அடியில் அதே தேதிதான் இருந்தது. அடுத்த வருஷத்து வியாழக்கிழமை ஒன்று.

இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். முன்நெற்றியில் நரை விழுந்த பிறகு சொல்வதை யார் நம்புகிறார்கள்? நீங்களாவது கேளுங்கள். ரெண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் ஊர் சிவகாசியில் இருந்து வெம்பக்கோட்டை போகிற ரோட்டின் மேல் இருந்தது. அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அப்பா கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினார்.

ஆனி மாசக் கடைசியில் ஒரு மதியம் அம்மாவின் கம்பெனியில் வெடித்துவிட்டது. அம்மா இருந்த அறை இல்லை, அதற்கு அடுத்த அறை. அங்கேதான் அம்மாவின் கூட்டுக்காரி இருந்தாள். தினமும் வேனில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போவார்கள். கூட்டுக்காரி இறந்துபோனாள். அம்மாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வெடிமருந்து இருக்கிற அறைக்குள் செருப்போடு போகக்கூடாது என்பதால் வாசலில் கழற்றிப் போட்டிருந்தாள். அதை எடுக்கவில்லை, வேனுக்கும் காத்திருக்கவில்லை. வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கால் இரண்டும் கொப்புளித்திருந்தன.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். “சாமி புண்ணியத்துல நீ தப்பிச்ச தாயீ.” அதைக் கேட்டதும் அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

அதற்குப் பிறகு அம்மா வீட்டில் நெருப்பு பற்ற வைக்க விடவில்லை. தானும் தொடவில்லை, அப்பாவையும் தொட விடவில்லை. அப்பா ஒரு தடவை ஸ்டவ்வைப் பற்ற வைக்கப் போக, குச்சி உரசுகிற சத்தம் கேட்டதுமே அம்மா தெருவில் போய் நின்றாள். கூப்பிட்டும் வரவில்லை. அன்றைக்கே மண்ணெண்ணெய் ஸ்டவ் சாக்கைச் சுற்றிக்கொண்டு பரண் ஏறியது. சாமி விளக்குகூட ஏற்றவில்லை. நாட்டுக்கெல்லாம் தீப்பெட்டி அனுப்புகிற ஊரில், எங்கள் வீட்டில் ஒற்றைத் தீக்குச்சி கிடையாது.

அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. குச்சி உரசுவதுதானே பயம், உரசாமல் பற்றுகிற அடுப்பாக இருந்தால்? வேன் முதலாளியிடம் சொல்லி கேஸ் அடுப்பு ஒன்று வாங்கி வந்தார். கூடவே துப்பாக்கி மாதிரி ஒரு லைட்டர். எங்கள் தெருவில் அதுதான் முதல் கேஸ் அடுப்பு. அம்மா சிலிண்டரை ஒரு பார்வை பார்த்தாள். “இதுக்கு நான் கம்பெனிக்கே போயிருக்கலாம்,” என்றாள். பாவம் அப்பா. சிலிண்டரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அடுப்பை அட்டைப்பெட்டியோடு மூலையில் வைத்தார். நான் அதன் மேல் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதினேன்.

சோறு சித்தி வீட்டில் இருந்து வந்தது. சித்தி அம்மாவின் தங்கச்சி, அடுத்த தெரு. கல்யாணம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சித்தப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்ப நாளாகும். சித்தி சிவகாசியில் காலண்டர் பிரஸ்ஸில் வேலை பார்த்தாள். ஆடியில் இருந்து அவர்களுக்குச் சீசன். அந்தச் சீசனிலும் காலையில் எங்களுக்கும் சேர்த்துப் பொங்கி, அடுக்குச்சட்டியில், அதுதான் டிபன் கேரியரில், கொண்டுவந்து வைத்துவிட்டு வேனுக்கு ஓடுவாள். சாயங்காலம் மறுபடியும் வருவாள். அந்த அடுக்குச்சட்டியின் பிடி தளர்ந்து கிடுகிடுவென்று ஆடும். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் பசி வந்துவிடும். இப்போது அந்தச் சட்டி யார் வீட்டில் கிடக்கிறதோ.

சித்தியைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு இருந்தது. விளையாட்டுப் புத்தி, எதிலும் கவனம் கிடையாது, வாயைத் திறந்தால் சிரிப்பு. அப்பாவே சொல்வார், “இவளை எவன் காலண்டர் தாள் அடுக்கிச் சேக்க வச்சான்? வருசத்துல ரெண்டு மாசத்த விட்டுருவாளே.”

அதனால்தான் அவள் அந்தக் காலண்டரைக் கொண்டுவந்த அன்றைக்கு யாரும் ஆச்சரியப்படவில்லை. கெட்டிக் கட்டாக, மேலே தகரம் வைத்து அடித்த தினசரி காலண்டர். சிவப்பு மை விலகி, தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு தேதி நிழலாக நின்றது. நான் ஆசையாகப் புரட்டினேன். வியாழன். அடுத்ததும் வியாழன். அதற்கடுத்ததும்.

“சித்தி, எல்லாம் ஒரே நாளாருக்கு!”

“அடி ஆத்தீ,” என்று சித்தி கன்னத்தில் கை வைத்தாள். “கை தப்பிச் சேந்துருச்சு புள்ள. வேஸ்ட்டுதான். தூரப் போடவா?”

“வேணாம்,” என்றேன். எனக்கு அது ஒரு அதிசயமாக இருந்தது. நாள் நகராத ஒரு வருஷம் எப்படி இருக்கும்?

“அப்ப முறைப்படி நடக்கணும். தாள்ல என்ன போட்டுருக்கோ அதச் செய்யணும்,” என்றாள் சித்தி. ராசிபலனை விரல் வைத்து வாசித்தாள். மேஷம் நான்: ‘புதுமை’. ரிஷபம் அப்பா: ‘பொறுமை’. கன்னி அம்மா: ‘பாராட்டு’. துலாம் சித்தி: ‘அலைச்சல்’.

“பாருங்க மச்சான், எனக்கு மட்டும் அலைச்சலு. என் தலையெழுத்து,” என்று சித்தி சிரித்தாள். “நீங்க இனிமே யாரையும் வையக் கூடாது, பொறுமை. இந்தப் புள்ள தெனமும் புதுசா ஒண்ணு செய்யணும். அக்காவுக்குப் பாராட்டு. சாயங்காலம் தாளக் கிழிக்கிறப்ப அக்கா இன்னைக்குச் செஞ்ச ஒண்ண இவ பாராட்டணும். சொன்னதவே திருப்பிச் சொல்லக் கூடாது.”

“அவதான் ஒண்ணும் செய்யாம உக்காந்திருக்காளே,” என்றார் அப்பா.

“மச்சான், பொறுமை,” என்றாள் சித்தி.

 ஆணி அடிக்க அப்பா சுத்தியலை ஓங்கியபோது அம்மா, “அங்கன அடிக்காதீக, சாமி படம் மறைக்கும்,” என்றாள். பல நாளைக்குப் பிறகு அம்மா தானாகப் பேசிய பேச்சு அது.

அப்படித்தான் எங்கள் வீட்டில் தினமும் வியாழக்கிழமை ஆனது. தெருவில் சிரித்தார்கள். எதிர்வீட்டு அத்தை என்னைப் பார்த்தால், “என்ன, ஒங்க வீட்ல இன்னைக்கும் வியாழனா? ஞாயித்துக்கிழமை கறி எடுக்கவே மாட்டீகளா?” என்பாள். வியாழக்கிழமை வீடு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

புதுமைக்கு என்ன செய்வது? முதலில் லேசாகத்தான் இருந்தது. பாகற்காயைத் துப்பாமல் தின்றேன். பள்ளிக்கூடத்தில் இருந்து வேறு தெரு வழியாக வந்து, அந்தத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் கிளிக்கூண்டு இருப்பதைக் கண்டுபிடித்தேன். சாத்தூர்ச் சேவைத் தயிர்சோற்றில் போட்டுப் பிசைந்தேன். நன்றாகத்தான் இருந்தது, செய்து பாருங்கள். கடைசி பெஞ்சில் யாரோடும் பேசாமல் இருக்கும் பெண்ணோடு போய்ப் பேசினேன். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே அதுவரை வகுப்பில் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் அப்பா வேனை வெம்பக்கோட்டை வரை எடுத்துப் போனபோது முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். அணைக்கட்டின் மேல் நின்று அதற்குள் கொஞ்சம்போலக் கிடந்த தண்ணீரைப் பார்த்தேன். இம்புட்டுத் தண்ணிக்கு எதுக்குப்பா இம்புட்டுப் பெரிய சுவரு என்று கேட்டேன். அப்பா பொறுமையாக விளக்கினார். ராசிபலன் இல்லாவிட்டால் ‘பேசாம வா’ என்றிருப்பார்.

பாராட்டுதான் கஷ்டம். சும்மா உட்கார்ந்திருக்கிறவளை எதற்குப் பாராட்டுவது? முதல் நாள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு விழித்தேன். கடைசியில், “எம்மா, நீ நல்லா உக்காந்திருக்க,” என்றேன். சித்தி புரையேறச் சிரித்தாள். அம்மாவுக்கும் உதடு ஓரம் கொஞ்சம் இழுத்தது, உடனே அடங்கிவிட்டது.

ஆனால் சொன்னதைத் திருப்பிச் சொல்லக்கூடாதே. அதனால் நான் அம்மாவைப் பார்க்க ஆரம்பித்தேன். அதுவரை அம்மாவை நான் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா வீட்டில் இருப்பாள், சோறு வரும், துவைத்த துணி வரும், அவ்வளவுதான். இப்போது பாராட்டுத் தேடிக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். சும்மா இருக்கிறாள் என்று நாங்கள் நினைத்த அம்மா சும்மா இல்லை. நிலக்கடலை உரிக்கும்போது முழுசாக வருவதை எல்லாம் என் பக்கத்துக் கிண்ணத்தில் போட்டாள், சொத்தையைத் தன் வாயில் போட்டாள். என் சட்டைக் காலரில் அழுக்குப் போக, தண்ணீரில் ஊறவைத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். கரண்டு போய் வந்தால் ஃபேன் யார் பக்கம் நிற்கிறது என்று பார்த்து என் பக்கம் திருப்பி வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் கையைப் பிடித்து முகர்ந்தாள். முன்பெல்லாம் எதற்கென்று தெரியாமல் கையை இழுத்துக்கொள்வேன். எங்கேயாவது கருமருந்தைத் தொட்டு விளையாடினேனா என்று பார்க்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். “எம்மா, எனக்கு முழுக்கடலையாப் போட்டியே, அதுக்கு.” “எம்மா, காலரு பளிச்சுனு இருக்குன்னு டீச்சர் சொன்னாக.” அம்மா முதலில், “போடி, வேலயத்தவளே,” என்பாள். பிறகு பிறகு, சாயங்காலம் ஆனால் காலண்டர் பக்கம் ஒரு தடவை பார்ப்பாள். நான் மறந்து விளையாடிக்கொண்டிருந்தால், “இன்னும் தாளு கிழிக்கல,” என்று மட்டும் சொல்வாள். ஆனாலும் அடுப்பு எரியவில்லை. சித்தி அடுக்குச்சட்டியோடு ஓடிக்கொண்டுதான் இருந்தாள். சித்திக்கு முகம் வாடி, கண் உள்ளே போயிருந்தது. தீபாவளி நெருங்க நெருங்க ஊரில் சின்னச் சின்ன வெடிச்சத்தம் ஆரம்பித்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா கதவைச் சாத்தினாள். அப்பா சித்தியிடம் மெதுவாகச் சொன்னதை நான் கேட்டேன். “இப்படியே போனா ஒங்கக்காவ மதுரைக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் அங்கனயே விட வேண்டியதுதான்.”  அம்மா இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

புரட்டாசி வெயில் உங்களுக்குத் தெரியும், எங்கள் பக்கம் அது சித்திரைக்கு அண்ணன். அப்படி ஒரு சனிக்கிழமை, பாதி நாள் பள்ளிக்கூடம் முடிந்து வரும்போது புதுமைக்கு ஒன்றும் தோன்றவில்லை. தின்னப் புதிதாக எதுவும் இல்லை, போகாத தெருவும் இல்லை. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடந்து பார்ப்போமே என்று நினைத்தேன். தார் இளகிக் கிடந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் கால் தானாகக் குதித்தது. வேலிக்கருவை நிழலுக்கு ஓடினேன், அங்கே முள். மறுபடி ரோடு. பாதி வழியில் அழுகை வந்துவிட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டிருக்கலாம், ஆனால் ஆரம்பித்ததை விட மனசில்லை. வீட்டுக்கு வந்ததும் குடத்துத் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டு நின்றேன். “என்னடி இது கோலம்?” என்று அம்மா வந்தாள். குனிந்து என் உள்ளங்காலைப் பார்த்தாள். உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து தடவினாள்.

சாயங்காலம் தாளைக் கிழித்தேன். எண்ணெய் தடவியதைத்தான் சொல்ல நினைத்திருந்தேன். ஆனால் வாயில் வேறு வந்தது.

“எம்மா, பள்ளிக்கூடத்துல இருந்து வரவே எனக்கு முடியல. நீ அன்னைக்கு கம்பெனில இருந்து அம்புட்டுத் தூரம் செருப்பில்லாம நடந்து வந்தியே. நல்லா நடந்தம்மா. எப்படியும் வீட்டுக்கு வந்துட்டியே.”

அப்பா என்னை அதட்ட வாயைத் திறந்தார். அந்த நாளைப் பற்றி வீட்டில் யாரும் பேசக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். சித்தி அவர் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

அம்மா அழுதாள். அது நடந்த நாளில் இருந்து ஒரு சொட்டு அழாதவள், தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். “அவ வரலியே… அவள விட்டுட்டு நான் மட்டும் நடந்து வந்துட்டனே,” என்றாள். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். ‘சாமி புண்ணியம்’ என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை. ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று நான் மூலையில் கேஸ் அடுப்புப் பெட்டி மேல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். அழுது முடித்ததும் அம்மா என்னைத்தான் கூப்பிட்டாள். கையை முகர்ந்து பார்க்கவில்லை, சும்மா பிடித்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. அதாவது வியாழன். வெயில் சாய்ந்த பிறகு அம்மா எழுந்து காலண்டர் முன்னால் போய் நின்றாள்.

“ஏ புள்ள, இன்னைக்கு ஒன் ராசிப் புதுமைய எனக்குத் தா. என் பாராட்ட நீ வச்சுக்க.”

வாசலில் கிடந்த அப்பாவின் பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு, டப் டப் என்று எதிர்வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அத்தையிடம், “ஒரு தீப்பெட்டி தாங்க மதினி,” என்றாள்.  அத்தை கேலி செய்யவே தெரியாதவள் போல உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தாள்.

அப்பா பரணில் இருந்து ஸ்டவ்வை இறக்கிச் சாக்கை அவிழ்த்தார். அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முதல் குச்சி முறிந்தது. இரண்டாவது உரசி, பற்றியதும் உதறிவிட்டாள்.  “நான் வேணா…” என்று அப்பா குனிந்தார். “நீங்க சும்மா இருங்க. ஒங்களுக்குப் பொறுமைதான போட்டுருக்கு?” என்றாள் அம்மா. அடுத்த குச்சியை உரசி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரியில் வைத்துவிட்டாள். நீலமாக வட்டம் சுற்றி வந்தது. அந்த மண்ணெண்ணெய் வாடை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும், யாராவது என்னவாவது நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா கடுங்காப்பி போட்டாள். அப்பா முதலில் குடித்தார், “நல்லாருக்கு,” என்றார். நான் குடித்தேன். வேப்பங்கொழுந்து தோற்றது. நானும் “நல்லாருக்கும்மா,” என்றேன். கடைசியாக அம்மா வாயில் வைத்தாள், “கருப்பட்டியே போடலயே! ஏன் ரெண்டு பேரும் வாயத் தொறக்கல?” என்றாள். அப்பா காலண்டரைக் கையால் காட்டினார். அப்போது அம்மா சிரித்தாள் பாருங்கள், வாய்விட்டு.

அந்த நேரம் தெருமுனையில் கிடுகிடு சத்தம் கேட்டது. சித்தி வாசலுக்கு வந்து, வாடையை மூக்கால் இழுத்து, அப்படியே நின்றாள். உள்ளே வரவில்லை. அடுக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசப்படியில் உட்கார்ந்துவிட்டாள். “அப்பாடா, இனி எனக்கு அலைச்சல் இல்ல,” என்று சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

தீபாவளிக்குப் பிறகு, பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு நாளில், சித்தி என்னைப் பிரஸ்ஸுக்குக் கூட்டிப்போனாள். அதுவும் எனக்குப் புதுமைதான். நீள மேசை மேல் ஒவ்வொரு தேதியும் ஒவ்வொரு குவியலாக இருந்தது. பெண்கள் குவியலுக்கு ஒரு தாளாக எடுத்துக்கொண்டே நகர்ந்து ஒரு கட்டு சேர்த்தார்கள். சித்தியின் கை போன வேகத்துக்கு என் கண் போகவில்லை. மூலையில் மை விலகிப்போன வேஸ்ட் தாள்கள் நாள்வாரியாகக் கட்டிக் கிடந்தன. நான் சும்மா இருப்பேனா? ஒவ்வொரு கட்டிலும் எங்கள் ராசிகளைத் தேடி வாசித்தேன். ஒன்றில் கன்னிக்குக் கவலை. ஒன்றில் கன்னிக்குத் தடை. ஒன்றில் மேஷத்துக்குப் பகை. துலாத்துக்கோ ஒன்றில் பரிசு, ஒன்றில் யோகம், ஒன்றில் ஓய்வு.

“சித்தி, அன்னைக்குக் கை தப்பி சேந்துருச்சுன்னு சொன்னியே?”

“ஆமா புள்ள, தப்பிருச்சு. வா, பசிக்கலயா ஒனக்கு?”

நானும் நம்பிக்கொண்டு சாப்பிடப் போனேன். நம்ப மறுக்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. ஒரு தாள் தப்பும், இரண்டு தாள் தப்பும். ஒரு கட்டு முழுக்கத் தப்புமா? அந்த மூலையில் குனிந்து, ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து, அக்காவுக்குப் பாராட்டும் எனக்குப் புதுமையும் அப்பாவுக்குப் பொறுமையும் ஒன்றாக விழுந்த ஒரு நாளை அவள் தேடியிருக்கிறாள். துலாத்துக்கு என்ன போட்டிருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டுத்தான் எடுத்திருக்கிறாள்.